பச்சைக் குடை என் பங்காளி

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள்முதல் உங்கள் பேச்சைத் தட்டாதவனும், தட்டினாலும் உங்கள் காதுக்கு எட்டாமல் தட்டியவனுமான மாப்பிள்ளை வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளாகிய என் மகளும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் வீட்டு அக்காவின் நலத்தையும், அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். வலி நன்றாக இருந்தால் அக்கா நன்றாக இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்பதால், வலி நன்றாக இல்லாமல் இருக்கவே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை விற்பனைப் பத்திரத்தோடு புறப்பட்டு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். மச்சான், தயவுசெய்து வர வேண்டாம். இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பலமுறை கூப்பிட்டேன். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி மச்சான்" என்பேன், அதற்குள் நீங்கள் வைத்துவிடுவீர்கள். காகிதத்தில்தான் நான் சொல்வதை நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டாக வேண்டும். பத்திரம் எழுதியே பேர் வாங்கிய ஆளுக்கு நான் காகிதத்தில் பாடம் எடுப்பதாக நினைத்துவிடாதீர்கள். என் எழுத்தெல்லாம் கடைப் பெயர்ப்பலகையில் ஏணி போட்டு ஏறி எழுதுகிற எழுத்து. நாலு வார்த்தைக்கு மேல் போனால் ஏணியை நகர்த்த வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் தங்கை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போனது உங்களுக்குத் தெரியும். அதே மருத்துவமனை டாக்டரே, ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் உங்கள் மருமகள் அம்மாவுக்காக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். பேரே "அடுத்து யாரு". மேசையில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஒலிபெருக்கி "அடுத்து யாரு?" என்று கேட்டுவிட்டு எண்ணைச் சொல்லும். ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எண்ணைச் சொல்வது என் குரல்தான் மச்சான். முப்பத்தேழில் ஒரு தும்மல் இருக்கும். திரும்ப வாசிக்கிறேன் என்றேன், வேண்டாம் அப்பா, அந்த எண் வந்தால் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்கிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

எழுதினவள் அதை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம் என்று இன்டர்நெட்டில் கதவைத் திறந்து வைத்துவிட்டாள். ஓப்பன் சோர்ஸ் என்று பேராம். நான்கூட, கதவைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கிறது வெளியேதானே போகும் என்றேன். அதுதான் இல்லை. வெளியே இருந்து உள்ளே வர ஆரம்பித்தது. எந்த ஊர் ஆட்களோ, முகம் தெரியாது, பேர்கூடக் கிடையாது, எல்லாம் புனைபெயர். ஒருவர் வேறொரு மொழியில் எண்களை வாசித்துக் கொடுத்தார். ஒருவர் எண்ணுக்கு முன்னால் "டிங்" என்று ஒரு சின்ன மணியோசை சேர்த்தார். "பச்சைக் குடை" என்று ஒரு ஆள், காது கேளாதவர்களுக்காக எண்ணைச் சொல்லும்போதே விளக்கும் மின்னுகிற மாதிரி செய்து கொடுத்தார். எங்கள் மருத்துவமனைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக ஒரு தச்சர் வருவார், காது அறவே கேட்காது. முன்னெல்லாம் பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்துச் சொன்னால்தான் எழுந்திருப்பார். இப்போது விளக்கைப் பார்த்து ராஜா மாதிரி தானே எழுந்து போகிறார் என்று உங்கள் தங்கை சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் நான் ஏறினேன்.

இந்த மாதிரி புரோகிராம் எழுதுகிறவர்களெல்லாம் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள், எங்களுக்கும் ஒரு மேசை தருகிறார்கள், சின்னதாக ஒரு பலகை செய்து தாருங்கள் அப்பா என்று மகள் கேட்டாள். துண்டுக் காகிதத்தில் வாசகம் எழுதிக் கொடுத்தாள். மேலே "அடுத்து யாரு". கீழே "உரிமை: இதை எழுதிய எல்லோருக்கும்". நீங்களே சொல்லுங்கள் மச்சான், இது ஒரு வாசகமா? என் தொழிலில், பலகையின் அடியில் உரிமையாளர் பேர் இல்லாவிட்டால் அது பலகையே இல்லை, வெறும் தகரம். கடைக்குப் பேர் வைக்காமல் வருகிற ஆள்கூட உரிமையாளர் பேரைச் சொல்ல மறந்ததில்லை. சந்தேகமாக இருந்ததால் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாப்பிள்ளை, எல்லாருக்கும் சொந்தம்னா யாருக்கும் சொந்தமில்லைன்னு அர்த்தம். சும்மா கிடக்கிற நிலத்துல முதல்ல வேலி போட்டவன் பேச்சுதான் நாளைக்கு எடுபடும். பிள்ளை பேரைப் போடுங்க." நான் போட்டேன். சும்மா போடவில்லை, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, பின்னால் விளக்கு, "உரிமையாளர்" என்ற சொல்லைச் சுற்றி ஒரு பூவேலை. அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று காகிதம் சுற்றி நேரே மண்டபத்துக்கே அனுப்பிவிட்டேன்.

ஆச்சரியப்பட்டாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் அங்கே இருந்தவர்கள் பலகையை மாட்டி, விளக்கையும் போட்டுவிட்டார்கள். அவள் வந்ததும் அதற்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, அதை உலகத்துக்கே அனுப்பியும் விட்டார்கள். அதற்கப்புறம்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். என் வாழ்நாளில் நான் செய்த பலகைகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். நாலைந்து கண்டங்களில் மொழிபெயர்த்துப் படித்தார்கள். அவர்கள் குழுவில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்களாம், நாங்கள் எழுதியது எப்போது இந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது, யாரைக் கேட்டு, எந்த ஊர் நியாயம் என்று. பச்சைக் குடை மட்டும் ஒரே வரி எழுதினாராம்: "அப்படியானால் நான் போகிறேன், விளக்கை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." இந்த மாதிரி ஆட்கள் கோபப்பட்டால் கத்துவதில்லை மச்சான், போய்விடுகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனிக்காரர் என் கடைக்கே வந்தார். பளபளவென்று செருப்புக் கடை விளம்பரத்தில் வருகிற மாதிரி காலணி. நான் கை நிறையப் பசையோடு நிற்கிறேன். "ஓனரோட அப்பா நீங்கதானா?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக என் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கேட்பதெல்லாம், "கடையில ஆள் யாரும் இல்லையா?" என்பதுதான். நான் உருகிவிட்டேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் வேகமாகப் பேசினார். வேகமாகப் பேசுகிறவர்களுக்கு முன்னால் தலையாட்டுவது என் பிறவிக் குணம், உங்களோடு பழகிப் பழகி அது இன்னும் முற்றிவிட்டது. அவர் அந்தத் தலையாட்டலையே சம்மதமாக எடுத்துக்கொண்டு புரோகிராமை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கைகுலுக்கினார். கை ஒட்டிக்கொண்டது. பிரிப்பதற்குள் டீயே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன், நீங்களும் அன்றைக்கே பத்திரம் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, விக்கிறதுக்கு அது என்னோடது இல்ல."

"நீதானேம்மா ஆரம்பிச்சே?"

"ஆரம்பிச்சேன். நான் எழுதின வரி என்னோடது. அவங்கவங்க எழுதின வரி அவங்கவங்களோடது. அவ்வளவுதான்."

"சரி, அப்ப ஒரு சங்கம், ஒரு கம்பெனி, தலைவர், செயலாளர்னு ஏதாவது இருக்கும்ல? அவங்களைக் கேப்போம்."

"எதுவும் இல்லப்பா."

"ஒரு ரப்பர் ஸ்டாம்பு கூடவா இல்ல?"

"இல்ல."

"ரப்பர் ஸ்டாம்பு இல்லாம இத்தனை ஊர்ல எப்படிம்மா ஓடுது?"

"நம்பிக்கையிலதான் ஓடுச்சு. அதைத்தான் நீங்க விளக்கு போட்டுக் காட்டி உடைச்சுட்டீங்க."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. உங்கள் தங்கைதான் பிறகு எனக்கு விளக்கினாள். தொண்டை சரியாகிவிட்டதால் விரிவாகவே விளக்கினாள்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இது பாகம் பிரிக்காத சொத்து மாதிரி என்று முதலில் நினைத்தேன், அதுவும் இல்லை. பாகம் ஏற்கெனவே பிரிந்திருக்கிறது, வரிக்கு வரி ஒரு பங்காளி. ஆனால் யாருடைய பாகத்தையும் மற்றவர் பாகத்திலிருந்து பிய்த்து எடுத்தால் மிச்சம் ஓடாது. எல்லோரும் எல்லோருக்கும் "எடுத்துப் பயன்படுத்திக்கொள்" என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கம்பெனிக்காரரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அவருக்குத் தேவை அதுவல்ல. மொத்தமும் தனக்கே சொந்தம் என்று வாங்கி, மற்றவர்களுக்குக் கதவைச் சாத்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு பங்காளியும் சம்மதிக்க வேண்டும். உங்கள் மருமகள் தனியாகக் கையெழுத்துப் போட்டால் அவள் எழுதின வரிகளுக்குத்தான் செல்லும். கொடுத்த அனுமதியைப் பச்சைக் குடையும் திருப்பி வாங்க முடியாது, ஆனால் ஆள் போய்விட்டால் அந்த விளக்கு ஒருநாள் பழுதாகும்போது பார்க்க யார் இருக்கிறார்கள்? தச்சர் மறுபடியும் விலாவில் இடி வாங்க வேண்டியதுதான்.

ஆகவே, பச்சைக் குடையோடு நானே பேசுகிறேன் என்றேன். ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து மகள் போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தாள். நான் ஏதோ கண்ணாடி போட்ட இளைஞன் வருவான் என்று தலையெல்லாம் வாரி உட்கார்ந்திருந்தேன். திரையில் என் வயசு அம்மா ஒருவர், கையெல்லாம் கிரீஸ். லிப்ட் பழுது பார்க்கிற வேலையாம், ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவருக்குக் காது போய்விட்டதாம். இருவரும் ஒரு மருத்துவமனையில் காத்திருந்து, இவர் தண்ணீர் வாங்கப் போன சமயத்தில் எண்ணைக் கூப்பிட்டு, அவர் கேட்காமல் உட்கார்ந்திருக்க, முறை போய்விட்டதாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் அந்த விளக்கை எழுதத் தொடங்கினாராம். என் பசைக் கையை நான் பின்னால் மறைத்துக்கொண்டேன், அவர் கிரீஸ் கையை மறைக்கவே இல்லை. மகள் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

"அம்மா, தப்பு என் கையோடது. என் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவ எல்லாருக்கும்னுதான் எழுதிக் குடுத்தா, நான்தான் அழிச்சேன். பலகைக்கு அடியில காலி இடம் இருந்தா எனக்கு ஒரு பேரு எழுதாம இருக்க முடியாதும்மா. நாற்பது வருஷப் பழக்கம்."

மகள் மொழிபெயர்த்து முடிக்கும் வரை அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். காலி இடம் இருந்தால் எல்லோர் பேரையும் எழுதுங்களேன் என்றார். கூடவே ஒன்று சொன்னார். இனிமேல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றி மற்றவர்களுக்குக் கொடுத்தால் அந்த மாற்றத்தையும் எல்லோருக்கும் திறந்தே கொடுக்க வேண்டும், கதவைச் சாத்தக் கூடாது என்று நிபந்தனையை மாற்றிவிடலாம், அதற்கு எல்லோரும் சரி என்று சொன்னால் தானும் இருப்பதாக. பேச்சு முடிகிற சமயத்தில், ஏன் பச்சைக் குடை என்று பேர் வைத்தீர்கள் என்று கேட்டேன். மற்ற எல்லாப் பேரையும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றார்.

அப்புறம் சம்மதம் வாங்குகிற படலம். ஆட்களைத் தேடிப் பிடிப்பதற்குள் உங்கள் மருமகள் பாதியாகிவிட்டாள். ஒருவர் தன் வரிகளை அலுவலக நேரத்தில் எழுதினாராம், ஆகவே அது அவருக்கே சொந்தமில்லை, அலுவலகத்துக்குச் சொந்தமாம். மேலாளரிடம் போய் நின்று, வேலை நேரத்தில் வேறு வேலை பார்த்தேன் என்று தானே ஒப்புக்கொண்டு அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. மேலாளர் திட்டுவதற்கு முன் அதை ஓட்டிக் காட்டச் சொன்னாராம், இப்போது அவர்கள் அலுவலக உணவகத்தில் அதுதான் எண் கூப்பிடுகிறது. "நாளைக்கு" என்று புனைபெயர் வைத்த ஒருவர், பதில் எப்போது தருவீர்கள் என்று கேட்டபோதெல்லாம் தன் பேரையே பதிலாக எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த மணியோசையைச் சேர்த்தவர் இறந்துபோயிருந்தார் மச்சான். இறந்தவர் உரிமை மனைவி பிள்ளைகளுக்குப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மகள் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் அவர் மனைவிக்கு எழுதினாள். அந்த அம்மா, எங்கோ தூரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் செய்த சத்தம் கேட்கிறது என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார், எனக்கு ஒன்றும் புரியாது, அது என்ன சத்தம் என்று திருப்பிக் கேட்டிருந்தார். மகள் மருத்துவமனைக் கூடத்துக்குப் போய், ஆட்கள் இருமுவது, குழந்தை அழுவது, நடுவில் அந்த "டிங்", அதற்கப்புறம் யாரோ எழுந்து போகிற செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்பினாள். சரி என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அந்த மணி இப்போது அந்த அம்மாவுடையது. பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. உங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை மச்சான், எனக்கு அது போதும் என்று தோன்றியது.

எல்லோரும் முடிந்து, போன வாரம் மகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னும் ஒருத்தர் மட்டும் சரின்னு சொல்லலப்பா."

"யாரும்மா அந்தப் பொறுப்பில்லாத ஆளு?"

"ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் வாசிச்ச ஆளு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரைக்கும் நானும் ஒரு பங்காளி என்பதே என் மண்டையில் ஏறவில்லை. கடை வாடகை, ஏணி இரவல், எனக்கென்று சொந்தமாக இருந்தது உங்கள் தங்கை ஒருத்திதான், அவளும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கு ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் சொந்தம். நான் வருகிற வரைக்கும் எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள் என்று நீங்கள் கட்டளையிட்டிருந்தது ஞாபகம் வந்தது. முப்பத்தேழை மட்டுமாவது என் பேரில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு சபலமும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளை நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால், மறுக்க உங்களுக்கும் மனசு வந்திருக்காது. சரி என்று சொல்லிவிட்டேன். அவளும் அன்றைக்குத்தான் என்னிடம் முன்போலப் பேசினாள்.

ஆகவே மச்சான், விற்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரரிடமும் சொல்லிவிட்டேன், இந்த முறை தலையை ஆட்டாமல் சொன்னேன். பத்திரத்தைக் கிழித்துவிடுங்கள், அல்லது பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும், எதற்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள். பச்சைக் குடை சொன்னபடி எல்லோர் பேரையும் எழுதிப் புதுப் பலகை செய்து மருத்துவமனைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதிலும் ஒரு சின்னச் சிக்கல். வருகிறவர்கள் அதை டாக்டர்கள் பட்டியல் என்று நினைக்கிறார்கள். பச்சைக் குடை டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், நல்ல கைராசியாமே என்று ஒருவர் விசாரித்தாராம். அது தானாகச் சரியாகிவிடும். நீங்கள் அலைய வேண்டாம், இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து முதுகு வலிக்க வேண்டாம், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

உங்கள் பேனாவுக்கு மை குறையாமலும், அக்காவின் முழங்காலுக்குப் படி குறைவாகவும், உங்கள் வாசலுக்கு ஆட்கள் வரிசையாகவும் அமையட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
ஒன்று முதல் நூறு வரைக்கும் சொந்தக்காரனாகிய
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். எல்லோரும் என்றேன். "என்னை யாரு கேட்டா?" என்றாள். உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எண்ணுக்கு முன்னாடி 'அடுத்து யாரு?'ன்னு ஒரு பொம்பளை கேக்குறாளே, அது யாரு குரல்னு நினைச்சீங்க?" தொண்டை போவதற்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து கூப்பிட்டதை மகள் போனில் பிடித்து வைத்திருந்தாளாம், மச்சான். அம்மாதானே என்று அவளும் கேட்க மறந்துவிட்டாள், இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். நானோ இத்தனை நாளும் அது மெஷின் குரல் என்றே நினைத்திருந்தேன் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். புதுப் பலகைக்குக் கீழேதான் தினமும் உட்கார்ந்திருக்கிறாள், அதில் அவள் பேரும் இல்லை. ஆகவே ஒரு சம்மதம் பாக்கி, எல்லாம் அப்படியே நிற்கிறது. "எங்க அண்ணன் நேர்ல வந்து எடுத்துச் சொன்னாத்தான் சரின்னு சொல்லுவேன். போன்ல சொன்னா செல்லாது. அண்ணியையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. இந்த வீட்டுக்கு அவங்க வந்து எவ்வளவு நாளாச்சு" என்கிறாள். பச்சைக் குடை, எப்போது முடியும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்று பதில் போட்டுவிட்டோம். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல் புறப்பட்டு வாருங்கள் மச்சான். மாற்றுத்துணி நிறைய எடுத்து வையுங்கள். ஒரே நாளில் சரி என்று சொல்லிவிடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.